சித்தப்பாவுக்குப் பிறக்காத மகன்கள்

யாராவது தும்மினால் கஷாயம் சொல்பவன் நான். இருமினால் நல்ல டாக்டரின் விலாசமே சொல்வேன். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தபோதே, அவர் கையிலிருந்த கருவியின் முனை மழுங்கிவிட்டது, மாற்றினால் நல்லது என்று சைகையால் தெரிவித்தேன். அவர் கருவியை மாற்றவில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டார். அது தேவையே இல்லாத பிடுங்கல் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பெயர் திருமூர்த்தி. கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் கடைசியில் அதன் கதை என் மேஜைக்குத்தான் வரும். ரிப்பேர் செய்வதா, ஸ்கிராப்புக்குத் தள்ளுவதா என்று நான் சொல்வேன். நான் 'தள்ளு' என்றால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் உலகத்தில் ஒருவருக்கும் என் யோசனை தேவைப்படவில்லை. கீரைக்கார அம்மாவுக்குக் கட்டு கட்டும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

என் மனைவி சுகந்தி பொறுமைசாலி. பொறுமை தீர்ந்த அன்று பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள். "உங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஒரு வழி பண்ணு கண்ணு. இல்லீன்னா நான் பொட்டியக் கட்டீட்டு உங்கூட வந்தர்றேன்" என்று அவள் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெளிவாகவே கேட்டது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

மகள் தாரகை என் போனில் 'தோள்' என்ற செயலியைப் போட்டுவிட்டாள். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் செய்ததுதான் அது. மனதில் கிடக்கும் பாரத்தை யாரென்று தெரியாமல் நாம் எழுதலாம். யாரென்று தெரியாத யாரோ படித்து ஆறுதல் சொல்வார்கள். பதிலுக்கு நாமும் மற்றவர்களின் பாரத்தைக் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு மரத்தின் பெயர். நான் புங்கை.

சேரும்போது நீளமாக என்னவோ விதிமுறைகள் வந்தன. நான் படிக்கவில்லை. படிக்கிற வழக்கம் இருந்திருந்தால் இத்தனை பேருக்குச் சொல்ல நேரம் எங்கே கிடைத்திருக்கும்?

'எல்லோருக்கும் வழி சொன்னவன் நான். இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை' என்று என் பாரத்தை எழுதினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வந்த ஆறுதலைப் பார்த்து மிரண்டுபோனேன். முன்பின் தெரியாதவர்கள் அழுதுவிட்டதாக எழுதினார்கள். ஒருவர் எனக்காகக் கோயிலில் விளக்குப் போட்டிருந்தார். என் எழுத்தில் இத்தனை வலிமையா என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்து என் முறை. கல்யாணத்துக்குத் தன்னை ஒழுங்காக அழைக்கவில்லை என்று வருந்திய ஒரு வேம்புக்கு, 'நீங்கள் போகாதீர்கள்' என்று எழுதினேன். திரை சிவந்தது. 'இது யோசனைபோல் தெரிகிறது. தோளில் கேட்கலாம், யோசனை சொல்லக்கூடாது' என்று எழுதியதை அழித்துவிட்டது. மறுபடி வேறு மாதிரி எழுதினேன். மறுபடி சிவப்பு. மீனைக் கரையில் போட்டமாதிரி துடித்தேன்.

பிறகுதான் வழி பிடிபட்டது. நம் ஊரில் யார் நேரடியாக யோசனை சொல்கிறார்கள்? 'எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் இப்படித்தான் ஆச்சு' என்று தொடங்கினால் போதாதா? அப்படியே எழுதினேன். செயலியின் இயந்திரம் அதை அனுபவப் பகிர்வு என்று நினைத்துப் பச்சை காட்டிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு மறுவாழ்வு. ஒரு சித்தப்பா மகன் அழைக்காத கல்யாணத்துக்குப் போகாமல் கௌரவமாக இருந்தான். இன்னொருவன் கடன் கொடுத்தவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். மற்றொருவன் காதலித்தவளை மறந்து சைக்கிள் கடை வைத்துப் பிரமாதமாக வந்தான். எனக்கு உள்ளபடி ஒரே ஒரு சித்தப்பா. அவருக்குப் பிள்ளை கிடையாது. தோளில் அவர் ஒரு பட்டாளத்தையே பெற்றிருந்தார்.

நாவல் மரத்தின் பெயருடையவர் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆணா பெண்ணா தெரியாது. இப்படி எழுதியிருந்தார்:

'சின்னதாக ஒரு மாவு மில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பழைய மெஷின். என்னை ஆளாக்கியது அதுதான். இப்போது ஓடுவதில்லை. நிறுத்தி வைத்திருந்தாலும் திடீர் திடீரென்று சத்தம் போடுகிறது. எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வேறு எந்த வேலைக்கும் போக முடியவில்லை. கூடப் பிறந்தவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. நேற்று ஆத்திரத்தில் அதை அடித்துவிட்டேன். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.'

மெஷின்! என் வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு பாயசம் கிடைத்ததில்லை. எண்ணெய் ஒழுகினால் சீல் போய்விட்டது. நிறுத்திய பிறகும் சத்தம் வருகிறதென்றால் அவருக்குக் காதில் கோளாறு. மற்றபடி இது ஸ்கிராப், இரண்டாம் பேச்சே இல்லை. உடனே ஒரு சித்தப்பா மகனைப் பெற்றெடுத்தேன். அவனிடம் ஒரு பழைய லேத் மெஷின் இருந்தது. பாசத்தால் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தான். ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிட்டான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

நாவல் கேட்டார்: 'வண்டியில் ஏற்றும்போது உங்கள் சித்தப்பா மகன் அதைத் திரும்பிப் பார்த்தாரா?'

கவிதை எழுதுகிற ஆள்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'திரும்பியே பார்க்கவில்லை. இப்போது ராஜாமாதிரி இருக்கிறார்' என்று எழுதினேன்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது. 'தூரத்தில் ஓர் இடத்தில் இப்படிப்பட்ட பழைய மெஷின்களை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்களாம். பேசிவிட்டேன். வியாழக்கிழமை வண்டி வருகிறது. உங்கள் சித்தப்பா மகனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.' இல்லாத அவனுக்காக நானே நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் தாரகை லீவு போட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, என் பெருமையை அவளிடம் அளந்தேன். சித்தப்பா மகன் உத்தியைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். மாவு மில் மெஷினைச் சொன்னதும் அவள் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, அது மெஷின்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

"அந்தாளேதான் எழுதியிருக்குது கண்ணு. இங்க பாரு, மெஷின்னு."

"அவங்க அப்படி எழுதியிருக்க மாட்டாங்கப்பா. சேரும்போதே காட்டுச்சுங்களே, படிக்கலீங்களா?"

நான் ரசத்தைப் பார்த்தேன்.

"பேரை மறைச்சா மட்டும் பத்தாதுங்கப்பா" என்றாள். "சிங்காநல்லூரு, மில்லு ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, ஒரே பொண்ணுன்னு சொன்னாப் போதும், யாருன்னு கண்டுபுடிச்சுருவாங்க. இதுக்கு முன்னாடி இருந்த செயலியெல்லாம் அப்படித்தான் நாறிப்போச்சு. அதனால நாங்க கஷ்டத்தையே மாத்திப் போட்டுர்றோம். ஆளு, ஊரு, தொழில், உறவு எல்லாமே வேற ஆயிரும். மனுஷன் பொருளாயிருவான், பொருள் மனுஷனாயிரும். பாரம் மட்டும் அதே பாரம். அதுல ஒரு குண்டுமணிகூடக் குறையாது."

"அப்ப என்னோடது?"

"உங்க கஷ்டம் அங்க எப்படிப் போச்சோ, யாருக்குத் தெரியும்? குரல் போன பாட்டுக்காரியாப் போயிருக்கலாம்."

விளக்குப் போட்டவர் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் நிமிர்ந்து நடந்த நெஞ்சு தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

"நாம எழுதற பதிலும் மாறித்தான் போகுமுங்க. அவங்க நிஜத்துக்கு ஏத்த மாதிரி. ஆறுதல் வார்த்தை எப்படி மாத்துனாலும் ஆறுதலாத்தான் போய்ச் சேரும். யோசனை அப்படி இல்ல. அதனாலதான் யோசனையே கூடாதுன்னு வெச்சோம். வேற எந்த மொழியிலயும் பிரச்சனை வரல. நம்ம ஆளுங்க சித்தப்பா பையனைக் கூட்டீட்டு வருவாங்கன்னு எங்களுக்குத் தோணல."

சுகந்தி குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். "அப்ப மெஷினுங்கறது என்ன சாமி?"

"என்ன வேணாலும் இருக்கலாமுங்கம்மா. படுத்த படுக்கையா இருக்கற அம்மாவோ, அப்பாவோ. மூளை வளர்ச்சி இல்லாத கொழந்தையா இருக்கலாம். வயசான நாயா இருக்கலாம்."

எண்ணெய் ஒழுகுகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எழுந்து போய்க் கையைக் கழுவினேன். நான் ஒரு மனுஷனை ஸ்கிராப்புக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். அதுவும் திரும்பிப் பார்க்காமல்.

"போலீஸுக்குச் சொல்லலாம்" என்றேன்.

"எந்த ஊரு போலீஸுக்குங்க?"

"உங்க கம்பெனியில கேளு. ஆளு யாருன்னு பார்க்கச் சொல்லு."

"எங்க எம்.டி. நினைச்சாலும் முடியாதுங்கப்பா. மாத்துன விவரம் அவங்க போன்ல மட்டுந்தான் இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா இயந்திரமே உதவிக்கு ஆளு அனுப்பீரும். இதுக்கு அனுப்பல. அப்படீன்னா சட்டப்படி தப்பில்லாத காரியம். எங்கயாவது ஒரு விடுதியில கொண்டுபோய் விட்டுட்டு வர்றது மாதிரி."

போனை எடுத்தேன். 'மெஷினைக் கொடுக்காதீர்கள்' என்று எழுதினேன். சிவப்பு. 'நான் சொன்னது பொய். எனக்குச் சித்தப்பா மகனே கிடையாது' என்று எழுதினேன். அதற்கும் சிவப்பு. 'இது எதிரில் இருப்பவரின் நம்பிக்கையைக் குலைக்கலாம்' என்றது. இத்தனை நாள் என் பொய் ஒவ்வொன்றுக்கும் பச்சைக்கொடி காட்டிய இயந்திரம், வாழ்க்கையில் முதன்முறையாக நான் உண்மை பேசினால் வாயைப் பொத்துகிறது.

"சரி, அவனையே மறுபடி கூட்டிட்டு வர்றேன்" என்றேன். "லேத்தைக் கொடுத்தப்பறம் அழுதான், போய்த் திரும்ப வாங்கீட்டு வந்தான்னு எழுதறேன். அது போகும்."

தாரகை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்கப்பா. ஒருவேளை அது குடிச்சுட்டு வந்து அடிக்கற புருஷனா இருந்தா? விட்டுட்டுப் போறதுதான் அந்தப் பொண்ணுக்கு நல்லதுன்னா? நீங்க சொன்னது சரியா தப்பான்னே நமக்குத் தெரியாது. இப்ப மாத்திச் சொல்லப் போறதும் சரியா தப்பான்னு தெரியாது."

சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. மாற்றிச் சொல்லவும் முடியாது. முப்பது வருஷம் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொன்னவன் மகளிடம் யோசனை கேட்டேன்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"கேளுங்கப்பா."

"அதான் கேக்கறனே, என்ன பண்றதுன்னு."

"ஐயோ, என்னை இல்லீங்க. அவங்களை. அவங்க சொல்றதைச் சும்மாக் கேளுங்க."

"அதுக்கு என்ன எழுதறது?"

"சின்னப் புள்ளையில எனக்குக் கதை சொல்லும்போது நான் என்ன சொல்லுவேன்? 'ம்' கொட்டுவேன்ல, அதுதான். அது மாறாமப் போகுமுங்க. மாத்தறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லையே."

புதன்கிழமை காலையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினேன். பச்சை. பிறகு, 'என்ன சொல்ல? எல்லாம் முடிவாகிவிட்டது. நாளைக்கு வண்டி' என்று வந்தது.

'ம்' என்று எழுதினேன்.

'துணியெல்லாம் துவைத்து வைத்துவிட்டேன். மெஷினைப் போர்த்துகிற துணி.'

'ம்.'

'சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அதன் பக்கத்தில்தான் படுப்பேன். ஓடி ஓடிச் சூடாக இருக்கும். இப்போது சூடே இல்லை. எந்த பெல்ட்டை மாட்டினாலும் உதறிவிடுகிறது. பழகிய பெல்ட் எது, புது பெல்ட் எது என்று அதற்கு அடையாளமே தெரிவதில்லை.'

இந்த இடத்தில் எனக்குள் ஒரு சித்தப்பா மகன் பிரசவ வேதனையோடு முண்டினான். அவனுக்கு நரம்பு வைத்தியர் ஒருவரைத் தெரிந்திருந்தது. நல்ல எண்ணெய் ஒன்று தெரிந்திருந்தது. தாதி அனுப்புகிற நிலையம் ஒன்றுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு 'ம்' என்று எழுதினேன். வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான வேலை அந்த ஓர் எழுத்துதான். காப்பி கொண்டுவந்த சுகந்தி, நான் இத்தனை நேரம் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

நாவல் கேட்டார்: 'உங்கள் சித்தப்பா மகனாக இருந்தால் இப்போது என்ன செய்வார்?'

நீளமாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். அந்தப் பக்கம் ஓர் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆளுக்கு நான் மட்டுந்தான் இருக்கிறேன். என்னிடமோ ஒன்றும் இல்லை. கடைசியில், 'எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது' என்று எழுதினேன்.

பச்சை விழுந்தது. எனக்கே ஆச்சரியம். தெரியவில்லை என்று நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

'எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது' என்று பதில் வந்தது. அதன்பிறகு நாவல் நிறுத்தவேயில்லை. கூடப் பிறந்தவர்களைத் திட்டினார். தன்னைத் திட்டினார். மெஷினைத் திட்டினார். நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்த நாட்களைச் சொன்னார். அடித்த கையை அடுப்பில் வைக்கப் போனதைச் சொன்னார். நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தாரகை ஊட்டிவிட்டாள் என்றால் நம்பமாட்டீர்கள். வெயில் இறங்குகிற நேரத்தில், 'போய் அதைத் துடைக்க வேண்டும். நேரமாகிவிட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எங்கள் தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் வாசலுக்கு ஓடினேன். காஸ் வண்டிக்காரன் என்ன பாவம் செய்தான்? அவனைப் போய், "யாரை ஏத்தீட்டுப் போற?" என்று கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமையும் நாவலிடமிருந்து ஒன்றும் இல்லை. தாரகை பெங்களூருக்குக் கிளம்பும்போது, "தெரியாமலே போயிருமுங்கப்பா. பெரும்பாலும் அப்படித்தான். தாங்கிக்கோணும்" என்றாள். சரி என்றேன். தாங்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு மனுஷி அல்லது மனுஷன், ஏதோ ஓர் ஊரின் விடுதி வாசலில் அடையாளம் தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன்பிறகு ஒரு வாரம் நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சுகந்தி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கொடுத்த மாத்திரையை எதற்கு என்றுகூடக் கேட்காமல் விழுங்கினேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நாவல்.

'வண்டி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். செய்தது சரியா தப்பா தெரியவில்லை. அடுத்த மாதம் நானே மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவேன். எண்ணெய் அப்படியேதான் ஒழுகுகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. மெஷின் இன்று காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.'

செருப்பைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். மறுபடி மறுபடி படித்தேன். ஊரை, ஆளை, உறவை, எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த தோள் இயந்திரத்துக்கு அந்த ஒரு வரியை எதுவாக மாற்றுவதென்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டது.

நான் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து சுகந்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். போனை வாங்கிக் கண்ணாடி இல்லாமல் எட்டத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"ஏனுங்க, மெஷினு எப்படீங்க பேரு சொல்லிக் கூப்பிடும்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. போனை வாங்கி நாவலுக்கு 'ம்' என்று எழுதினேன்.